பனி மூடுன மலைல சாமி பாக்கணும்: துங்கநாத்தா, கார்த்திக் சுவாமியா, வைஷ்ணோ தேவியா, முக்திநாத்தா?

கேதார்நாத் கோயில் பனில மூழ்கிக் கெடக்குற வீடியோவ போன்ல பாத்துட்டு "தை மாசம் போலாமா, மாசில போலாமா"ன்னு கேக்குறவங்க நம்ம தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இப்ப ரொம்பவே கூடிட்டாங்க. அதனால மொதல்லயே சொல்லிடுறேன், குளிர்காலத்துக்கு கேதார்நாத் கெடையாது. தீபாவளி முடிஞ்ச கையோட, வடக்க பாய் தூஜ்னு கொண்டாடுற அன்னைக்கு நடை சாத்துனாங்கன்னா திரும்பத் திறக்க ஏப்ரல் கடைசி இல்ல மே ஆயிரும். பத்ரிநாத்தும் நவம்பர்ல சாத்திருவாங்க. ஆறு மாசம் மனுஷங்க பூஜை, ஆறு மாசம் தேவர்கள் பூஜைன்னு அங்க நம்பிக்கை, தேவர்களோட டர்ன்ல நமக்கு அங்க வேலை இல்ல. "குளிர்கால கேதார்நாத் பேக்கேஜ்"னு யாராவது காசு கேட்டா எந்தக் கோயிலு, சாமி எங்க இருக்கும்னு தெளிவா கேட்டுட்டு அப்பறம் அட்வான்ஸ் குடுங்க.

மிச்சம் நம்ம ஊருக்காரங்க குழம்புறது இந்த நாலு எடத்துக்குள்ள தான்: துங்கநாத், கார்த்திக் சுவாமி, வைஷ்ணோ தேவி, முக்திநாத்.

## எத வச்சு முடிவு பண்றது

மொத கேள்வி, உங்களுக்கு வேண்டியது சாமியா பனியா. ரெண்டும் தான்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா இமயமலைல குளிர்காலத்துல இது ரெண்டும் ஒண்ணா அமையிறது கஷ்டம், உசரத்துல இருக்குற கோயில்ல பனி கேரண்டி ஆனா கதவு பூட்டிருக்கும், கீழ இருக்குற கோயில் திறந்திருக்கும் ஆனா நீங்க போற அன்னைக்கு பனி இருக்குமாங்குறது உங்க அதிர்ஷ்டம். இத வீட்ல பேசாம டிக்கெட் போட்டுட்டு அங்க போயி "பூட்டுன கதவ பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்"னு அம்மா கேக்குறப்ப பதில் சொல்ல முடியாது.

ரெண்டாவது உசரம். நம்ம டெல்டால மலைன்னா சுவாமிமலை, அதுவும் கட்டுமலை, 60 படி. கடல் மட்டத்துக்கு ஒட்டுன ஊருல பொறந்து வளந்த உடம்ப 3,700 மீட்டருக்கு கொண்டு போனா ஒவ்வொரு மூச்சுக்கும் இங்க கெடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்கு ஆக்ஸிஜன் தான் கெடைக்கும். 2,500 மீட்டர தாண்டுனாலே சிலருக்கு தலவலி, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். இது வயசு பாத்து வராது, ஜிம்முக்கு போற இருபத்தஞ்சு வயசு பையனுக்கும் வரும். தலவலியோட மேல ஏறக்கூடாது, கொறையலன்னா கீழ எறங்கிடணும், அதுக்கு அது ஒண்ணு தான் சரியான வைத்தியம். உசரத்துல வர்ற தலவலி, குமட்டலுக்குன்னு போடுற டயமாக்ஸ் மாத்திரைய பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாருன்னு போடாம டாக்டர கேட்டுட்டு போடுங்க, சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க இருந்தா அத மறக்காம சொல்லிடுங்க.

மூணாவது யாரு வர்றா. முட்டி வலிக்காரங்க, பிபி, ஹார்ட்டுக்கு மருந்து எடுக்குறவங்க இருந்தா கணக்கே வேற. குளிர்ல பிபி ஏறும், இன்சுலின் உறைஞ்சா கெட்டுப்போயிரும், அத பையில வைக்காம சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கணும். கைலாயம் பாத்தே தீருவேன்னு கால் தேஞ்சு, தவழ்ந்து, உருண்டு போன அப்பரையே சாமி பாதில நிறுத்தி, அங்க ஒரு குளத்துல முழுக வச்சு திருவையாத்துல எழுப்பி காட்சி குடுத்தாரு, வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அத பாக்கத்தான கூட்டம் கூடுது. ஆகவே பெரியவங்கள இழுத்துகிட்டு போயிதான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல.

நாலாவது எப்ப போறது. அரையாண்டு லீவு டிசம்பர் கடைசி, அப்ப வடநாட்டு கூட்டம் மொத்தமும் நியூ இயருக்கு மலைல தான் இருக்கும், ரூம் வாடகை எகிறிடும், பனி விழுந்திருந்தா உண்டு இல்லன்னா வெறும் குளிர் மட்டும் தான் மிச்சம். நமக்கு வடகிழக்கு பருவமழை ஓயிற சமயத்துல தான் அங்க மேற்க இருந்து வர்ற வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் சூடு புடிக்கும், அது தான் பனியா கொட்டுறது, அதனால ஜனவரியும் பிப்ரவரியும் பனிக்கு நல்ல மாசம். ஆனா தைல சம்பா அறுப்ப விட்டுட்டு யாரு கிளம்புறது? அறுத்து, டிபிசில (அரசு நெல் கொள்முதல் நிலையம்) நெல்ல போட்டு, காசு அக்கவுண்ட்ல ஏறுனப்பறம் மாசில கிளம்புறது தான் நம்ம ஊரு கணக்குக்கு ஒத்து வரும். அப்பவும் உசரத்துல பனி கெடக்கும், பகலும் கொஞ்சம் நீளமா கெடைக்கும்.

## துங்கநாத் – சந்திரசிலா

உத்தராகண்ட், ருத்ரபிரயாக் மாவட்டம். பஞ்ச கேதார்னு சொல்ற அஞ்சு சிவன் கோயில்ல மூணாவது, 3,680 மீட்டர், சிவன் கோயில்லயே ரொம்ப உசரத்துல இருக்குறதுன்னு சொல்லுவாங்க. பாண்டவர்கள்ட்ட இருந்து சிவன் காளையா மாறி ஒளிஞ்சப்ப முதுகுத் திமில் கேதார்நாத்லயும் கை இங்கயும் வெளிப்பட்டுச்சுன்னு கதை. சோப்தாவுல இருந்து மூணரை நாலு கிலோமீட்டர் நடை, அதுக்கு மேல ஒன்றரை கிலோமீட்டர் ஏறுனா சந்திரசிலா உச்சி, சுமார் 4,000 மீட்டர், சௌகம்பா, நந்தா தேவி சிகரமெல்லாம் கண்ணு முன்னாடி வரிசையா நிக்கும்.

பனிக்குன்னா இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா குளிர்காலம் பூரா கோயில் பூட்டித்தான் இருக்கும், உற்சவர கீழ மக்குமட்டுக்கு கொண்டு போயிருவாங்க, ஆறு மாசம் பூஜை அங்க தான். வாசல்ல நின்னு கும்பிட்டு வர வேண்டியது தான்.

வெயில் காலத்துல கல்லு பாவுன நல்ல பாதை இது, பனில அந்தக் கல்லே தெரியாது. முன்னாடி போனவங்க மிதிச்சு மிதிச்சு இறுகுன பனி பாசி புடிச்ச குளத்துப் படி மாதிரி வழுக்கும், அதுவும் ஏறுறப்ப தெரியாது எறங்குறப்ப தான் தெரியும். ஷூவுக்கு அடில மாட்டுற கிராம்பான் அங்கயே வாடகைக்கு கெடைக்கும், "எதுக்கு தண்டச் செலவு"ன்னு விட்டுறாதீங்க.

இங்க கண்ணுக்கு தெரியாத செலவு நிறைய இருக்கு. பெரிய பனி விழுந்தா சோப்தா வரைக்கும் வண்டி போகாது, துகல்பிட்டாலயோ பனியாகுண்ட்லயோ எறக்கி விட்டுருவாங்க, அங்கேர்ந்து ரோட்டுலயே சில கிலோமீட்டர் நடந்துட்டு அப்பறம் தான் மலையேத்தமே, ஒரு நாள் வேலை ரெண்டு நாள் ஆயிரும். சோப்தாவுல கரண்டு லைன் கெடையாது, சோலார் தான், குளிர்ல போன் பேட்டரியும் மளமளன்னு எறங்கும், பவர் பேங்க தலகாணிக்கு அடில வச்சு தூங்கணும். குழாய்ல தண்ணி உறைஞ்சிருக்கும், வெந்நிக்கு தனியா காசு கேப்பாங்க, குடுத்துருங்க, அந்த விறகு எவ்வளவு தூரத்துல இருந்து வருதுன்னு பாத்தா பேரம் பேசத் தோணாது.

இது யாருக்குன்னா, இருபதுல இருந்து நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள, தினமும் நடக்குற பழக்கம் இருக்குற நாலஞ்சு பேரு, லோக்கல் கைடு ஒருத்தர், கைல ரெண்டு நாள் உபரியா. பூட்டுன கதவு பரவால்லன்னு மனசார நெனைக்கிறவங்க. மொத தடவை மலை ஏறுறவங்களும் போலாம், ஆனா துங்கநாத்தோட நிறுத்திக்கிங்க, பனில சந்திரசிலா ஏத்தம் செங்குத்து.

## கார்த்திக் சுவாமி

இது நம்மாளு. வடக்க முருகனுக்கு கோயில் இருக்குறதே அபூர்வம், அதுல இது மலை உச்சில, சுமார் 3,050 மீட்டர். ருத்ரபிரயாக்ல இருந்து போக்ரி போற ரோட்டுல 40 கிலோமீட்டர் போல போனா கனக்சௌரின்னு சின்ன ஊரு, அங்கேர்ந்து 3 கிலோமீட்டர் காட்டு வழி நடை, கடைசில படி ஏத்தம். வருஷம் பூரா திறந்திருக்கும், அது தான் விஷயமே.

நம்ம கதைல பழத்துக்கு கோவிச்சுகிட்டு பழனிக்கு வந்தாரு, அங்க உள்ள கதைல அதே போட்டி தான், பிள்ளையார் அப்பா அம்மாவ சுத்தி வந்து ஜெயிச்சதும் இவரு கிரௌஞ்ச மலைக்கு வந்து சதைய அம்மாவுக்கும் எலும்ப அப்பாவுக்கும் குடுத்துட்டாருன்னு முடியுது. வள்ளி, தெய்வானை எல்லாம் எதிர்பாக்காதீங்க, வடக்க அவரு பிரம்மச்சாரி. வழி நெடுக மணி கட்டித் தொங்கும், நேர்ந்துகிட்டவங்க கட்டுனது. 2024 மே மாசம் தமிழ்நாட்டு சிவாச்சாரியார்கள் இங்க போயி 108 வலம்புரிச் சங்கு பூஜை பண்ணுனாங்க, அதுக்கப்பறம் தான் நம்ம பக்கத்துல நிறைய பேருக்கு இப்படி ஒரு கோயில் இருக்குறதே தெரிஞ்சுது.

பனி? ஜனவரி, பிப்ரவரில விழும், ஆனா துங்கநாத் மாதிரி மாசக் கணக்குல நிக்காது, நல்ல வெயில் அடிச்சா சில நாள்ல உருகிரும், நிழல் பக்கத்துல மட்டும் கெடக்கும். பனி விழுந்த மறுநாள் அமைஞ்சா உங்க யோகம். அமையலன்னாலும் தூரத்துல வெள்ளை மலை சுத்திவர தெரியும், தரிசனமும் உண்டு, வெறுங்கையா திரும்ப மாட்டீங்க.

இங்க பிரச்சனை வேற மாதிரி. தங்க எடம் கொஞ்சம் தான், பஸ் குறைவு, ருத்ரபிரயாக்ல இருந்து தனி வண்டி புடிக்கணும், ரெண்டு பேரு மட்டும் போனா வண்டி வாடகை தலைக்கு ஜாஸ்தியா விழும், ஆறு பேருன்னா தெரியாது. மேல தண்ணி, கடை எல்லாம் நம்பி போகாதீங்க. கோயில்ல செருப்பு ஷூ கழட்டணும், பனில வெறுங்கால்னா ரெண்டு நிமிஷத்துல வெரல் மரத்துப் போயிரும், அதனால கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி தனியா எடுத்துட்டு போயி அங்க மட்டும் போட்டுக்குங்க, நனைஞ்ச சாக்ஸோட திரும்ப ஷூ மாட்டக்கூடாது.

நல்லா நடக்குற அறுபது வயசுக்காரங்களும் மெதுவா ஏறிடலாம். எல்லாரும் நடக்க முடிஞ்ச குடும்பமா இருந்தா இந்த நாலுல நான் மொதல்ல சொல்றது இது தான்.

## வைஷ்ணோ தேவி

ஜம்மு பக்கம், கட்ரால இருந்து 12, 13 கிலோமீட்டர். தூரம் தான் ஜாஸ்தி, உசரம் கம்மி, பவன்னு சொல்ற கோயில் இருக்குற எடம் 5,200 அடி, அதாவது 1,600 மீட்டர் கூட வராது, ஊட்டிய விட கீழ. மூச்சு முட்டுற பயம் இல்ல. பாதை பூரா தளம் போட்டு, லைட் போட்டு, பல எடத்துல கூரையும் உண்டு. முடியாதவங்களுக்கு குதிரை, டோலி, பாதி வழில அர்த்தகுவாரில இருந்து பேட்டரி கார், கட்ரால இருந்து சாஞ்சிசத் வரை ஹெலிகாப்டர், பவன்ல இருந்து மேல பைரோன் கோயிலுக்கு 2018 டிசம்பர்ல இருந்து ரோப்கார்.

குளிர்காலத்துல தான் போகணும்னு சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. மத்த நாள்ல புதுசா வெட்டுன சுரங்க வழியா தான் விடுவாங்க, ஜனவரி பிப்ரவரில கூட்டம் கொறையிறப்ப பழைய இயற்கை குகைய திறப்பாங்க, குனிஞ்சு தவழ்ந்து போயி மூணு பிண்டிய, அதாவது தேவியா கும்பிடுற கல் உருவத்த பாக்குறது. 2023-ல 95 லட்சம் பேரு வந்த எடத்துல அந்த குகை வழி கெடைக்கிறது சாதாரண விஷயம் இல்ல. ஆனா நியூ இயர் மட்டும் வேணாம், 2022 ஜனவரி 1 அன்னைக்கு நெரிசல்ல 12 பேரு செத்துப்போனாங்க.

பனி சில நாள் தான் விழும், பைரோன் பக்கம் மேல கொஞ்சம் கூட, விழுந்தாலும் பாதைய சீக்கிரம் சுத்தம் பண்ணிருவாங்க. பெரிய பனி, மழைன்னா ஹெலிகாப்டரும் பேட்டரி காரும் நிக்கும், பெரியவங்கள அத மட்டும் நம்பி கூட்டிட்டுப் போனா அன்னைக்கு டோலி தான், அந்த காசையும் ஒதுக்கி வச்சுக்குங்க. இன்னொண்ணு, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது, குரூப்ல ஒருத்தர்ட்டயாவது போஸ்ட்பெய்டு இருக்கணும், இல்லன்னா கூட்டத்துல ஒருத்தர ஒருத்தர் தேடி நாள் போயிரும்.

நமக்கு வசதி என்னன்னா சென்னைல இருந்து கட்ரா வரைக்கும் நேரா ரயில் இருக்கு, பேரு அந்தமான் எக்ஸ்பிரஸ், போறது நேர் எதிர் திசைல. கிட்டத்தட்ட மூணு நாள் ஆகும், ஆனா மாறி ஏற வேண்டியதில்ல, பெரியவங்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

## முக்திநாத்

பெருமாள் பக்தர்களுக்கு இது தனி. 108 திவ்யதேசத்துல சாளக்கிராமம்னு வர்றது இது தான், சீர்காழி பக்கம் திருக்குறையலூர்ல பொறந்த நம்ம திருமங்கையாழ்வார் பாடுன தலம். நேபாளம், 3,700 மீட்டருக்கு மேல, குளிர்காலத்துலயும் திறந்திருக்கும், கோயிலுக்கு பின்னாடி 108 குழாய்ல தண்ணி கொட்டும், பனிக்காலத்துல அதுல பாதி உறைஞ்சு தொங்கும். நடை கொஞ்சம் தான், ஜீப் எறக்கி விடுற எடத்துல இருந்து அரை மணி நேர ஏத்தமும் படியும், அதனால இத ட்ரெக்குன்னு சொல்றதே கொஞ்சம் ஓவர்.

ஆபத்து அதுல தான் இருக்கு. சுமார் 800 மீட்டர்ல இருக்குற போக்ராவுல இருந்து ஒரே நாள்ல அவ்வளவு உசரம் போயி நிக்கிறோம், நடந்தா உடம்பு பழகும், ஜீப்ல பழகாது. ஜோம்சோம்ல ஒரு ராத்திரி தங்கிட்டு போங்க. ஜோம்சோம் ப்ளைட்டு காலைல மட்டும் தான், அப்பறம் காத்து அடிக்கும், மேகம் வந்தா கேன்சல். ஜனவரி குளிர்ல 108 தாரைலயும் குளிக்கிறேன்னு வீம்பு பண்ணாதீங்க, தலைல தெளிச்சுகிட்டாலும் பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு. பாஸ்போர்ட் இல்ல வாக்காளர் அட்டை கைல இருக்கணும், ஆதார நம்பி ப்ளைட்டுக்கு போகாதீங்க.

## ஒரு பார்வைல

| | துங்கநாத் | கார்த்திக் சுவாமி | வைஷ்ணோ தேவி | முக்திநாத் |
|---|---|---|---|---|
| உசரம் | 3,680 மீ | சுமார் 3,050 மீ | சுமார் 1,600 மீ | 3,700 மீட்டருக்கு மேல |
| ஒரு வழி நடை | 3.5–4 கி.மீ., பனி இருந்தா கூடும் | 3 கி.மீ. | 12–13 கி.மீ. | அரை மணி நேரம் |
| குளிர்கால தரிசனம் | இல்ல, சாமி மக்குமட்ல | உண்டு | உண்டு | உண்டு |
| பனி | நிச்சயம் | பாதிக்கு பாதி | சில நாள் | நல்லாவே வாய்ப்பு |
| நடக்க முடியாதவங்க | வேணாம் | கஷ்டம் | தாராளமா | உசரம் ஒத்துகிட்டா |

## எங்க போனாலும் வர்ற செலவு

டிசம்பர், ஜனவரில டெல்லி பக்கம் மூடுபனி, நம்ம ஊரு மார்கழி பனிய வச்சு கணக்கு போடாதீங்க, ரயில் மணிக்கணக்குல லேட்டாகும், ப்ளைட்டும் தான். டெல்லில எறங்குன ரெண்டு மணி நேரத்துல ஹரித்வார் வண்டின்னு டிக்கெட் போட்டா அந்த காசு போச்சு. தஞ்சாவூர்லயோ கும்மோணத்துலயோ உழவன் ஏறி எழும்பூர் போயி, சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புடிச்சு டெல்லி, அப்பறம் ஹரித்வார், மறுநாள் மலை, இப்படி போனா ரயில்ல மட்டும் போக வர ஒரு வாரம் ஓடிரும், மொத்தம் பத்து பன்னெண்டு நாள் லீவு வேணும். மலை ரோட்டுல ராத்திரி வண்டி ஓட்ட மாட்டாங்க, அதையும் சேத்துக்குங்க.

துணிமணிக்கு மொத்தமா புதுசு வாங்குறது வேஸ்ட், டெல்டாவுக்கு திரும்பி வந்து அந்த ஜாக்கெட்ட எங்க போடுறது? தெர்மல், கையுறை, நல்ல ஷூ மட்டும் சொந்தமா வாங்குங்க, பெரிய ஜாக்கெட்ட வாடகைக்கு எடுங்க. உள்ள காட்டன் வேணாம், வேர்வைல நனைஞ்சா காயாது, நின்ன உடனே குளிர் ஏறிடும். கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்ல, பனில பட்டு வர்ற வெயில் கண்ண எரிச்சிரும். ஷூவ இங்கயே ரெண்டு மூணு வாரம் போட்டு கல்லணை ரோட்டுல நடந்து பழக்குங்க, ஏத்தத்துக்கு பாலத்துப் படியோ மாடிப் படியோ தான் நமக்கு கெடைக்கும்.

சாப்பாட்டுக்கு ராஜ்மா சாதமும் ரொட்டியும் மேகியும் தான். புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகா எடுத்துகிட்டா மூணாவது நாள்ல இருந்து நீங்க தான் குரூப்ல ராஜா.

## அப்ப யாரு எங்க போறது

ரொம்ப நடக்க முடியாத அப்பா அம்மாவோட போறீங்களா, வைஷ்ணோ தேவி, யோசிக்கவே வேணாம். திவ்யதேசம் எண்ணிகிட்டு வர்றவங்க முக்திநாத், ஆனா முடிஞ்சா குளிர்காலத்த விட்டுட்டு பங்குனி, சித்திரைல போங்க, அவங்களுக்கு பனி முக்கியம் இல்லல்ல. பசங்க குரூப் துங்கநாத்.

ரெண்டும் வேணும்னு அடம் புடிக்கிறவங்களுக்கு என் கணக்கு இது. ரிஷிகேஷ்ல இருந்து மேல போற வழில தேவபிரயாக்ல எறங்கி ரகுநாதர பாத்துருங்க, பெரியாழ்வார் பாடுன கண்டமென்னும் கடிநகர் அது தான், நடை திறந்திருக்கும். கார்த்திக் சுவாமிய முடிச்சுட்டு ஊக்கிமட்ல தங்குங்க, கேதார்நாத் உற்சவர் குளிர்காலம் பூரா அங்க ஓங்காரேஸ்வரர் கோயில்ல தான் இருப்பாரு, கோயில் வாசல் வரை வண்டி போகும், கேதார்நாத்த ஆசைப்பட்டு கேட்ட அம்மாவுக்கும் தரிசனம் ஆயிரும். வானிலை துறை அறிக்கைல ருத்ரபிரயாக் மாவட்டத்துக்கு எச்சரிக்கை எதுவும் இல்லன்னா நடக்க முடிஞ்சவங்க மட்டும் சோப்தா போயி துங்கநாத் ஏறிட்டு வரட்டும், மத்தவங்க மக்குமட்ல சாமிய பாத்துட்டு வெயில் காயட்டும். இன்னும் ரெண்டு நாள் கைல இருந்தா உர்கம் பள்ளத்தாக்குல கல்பேஷ்வர், பஞ்ச கேதார்ல பன்னெண்டு மாசமும் திறந்திருக்குறது அது ஒண்ணு தான்.

நாள் குறிக்கிறதுன்னா மாசி சிவராத்திரிய ஒட்டி குறிங்க, கேதார்நாத் நடை எப்ப திறக்கும்னு அன்னைக்கு ஊக்கிமட்ல வச்சு தான் அறிவிப்பாங்க. ரயில் முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடி தான் திறக்குது, அப்ப மார்கழியிலயே உக்காந்து டிக்கெட் போடணும், நெல்லு காசு வர்ற வரைக்கும் காத்திருந்தா வெயிட்டிங் லிஸ்ட் தான்.